சவரிராயன் மாஸ்டரின் வலதுகால்

பிரேக், என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார் சவரிராயன் மாஸ்டர். கால் வலது ஓரத்துக்குப் போனது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் திருவெறும்பூர் போகிற டவுன் பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாஸ்டர் நாலு தடவை சோதித்துவிட்டார், நாலு தடவையும் கால் அங்கேதான் போனது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். காலடியில் தகரத் தரையில் வரிசையாக மூன்று ஆணித்தலைகள். இடது ஆணி கிளட்ச், நடு ஆணி பிரேக், வலது ஆணி ஆக்சிலேட்டர் என்று அவராகவே பெயர் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயசு ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து ஆணி மிதித்து விளையாடுகிறார் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து, இதுதான் நடு ஆணி என்று பார்த்து வைத்தால் கால் சொன்னபடி கேட்கிறது. பார்க்காமல், யோசிக்காமல், டக்கென்று என்றால் வலது ஓரம். யோசிக்க நேரம் இருக்கும்போது எவனுக்குப் பிரேக் வேண்டும்? யோசிக்க நேரம் இல்லாதபோதுதானே அது வேண்டும். இதை அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், நாற்பத்தோரு வருஷம், டிரைவிங் ஸ்கூல் வண்டியின் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

"மாமா, அங்க வெயில் அடிக்குதா? பின்னாடி வேணா மாறிக்கிறீங்களா?" நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் சீட்டிலிருந்து மருமகள் ரெஜினா கேட்டாள். தபாலாபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"இருக்கட்டும்மா."

"நத்தர் பாய்ட்ட பேசிட்டேன். வண்டி ரெடியாம். சீக்கிரம் எடுத்துட்டம்னா வர்ற வழியில ஷைனியையும் ஸ்கூல்லேந்து ஏத்திக்கிட்டு கார்லயே வந்துரலாம். இன்னிக்கு வர வேணாம்னு வேன்காரர்ட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாளாம். மாஸ்டர் தலையை ஆட்டினார், ஆட்டின தலை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஷைனி, எட்டு வயசுப் பேத்தி, பின்சீட்டில் ஒழுங்காகச் சாய்ந்து உட்கார மாட்டாள், நடுவில் எழுந்து நின்று அவர் சீட்டின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தாத்தா ஹாரன் அடி, தாத்தா அந்த பஸ்ஸ முந்து என்று காதோரம் ஓதிக்கொண்டே வருவாள், அவள் மூச்சு பிடரியில் சுடும். அந்தச் சூடு இப்போதே பிடரியில் ஏறியது. வேன்காரருக்குத் திரும்ப ஒரு போன் போட்டால் போதும், போட்டால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது, அதை அவர் பன்னிரண்டு நாளாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார், ஜெபம் சொல்லுகிறார், பூசைக்குப் போகிறார். டிரைவர் ஏறினார். கதவு தட்டப்பட்டது. பஸ் உறுமிக் குலுங்கிப் புறப்பட்டது, மாஸ்டரின் இடதுகால் தானாக அழுந்தி மெல்ல விட்டது, கிளட்ச் மட்டும் ஒருநாளும் தப்பவில்லை, அந்த நன்றிகெட்ட வலதுகால்தான்.

வீட்டுத் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். உறையூரில் காலை ஏழரை மணி, மீன் வாங்கிக்கொண்டு வந்தார், பக்கத்து சீட்டில் பையில் சங்கரா மீன். இரண்டாவது கியர், வேகம் இருபதுகூட இருக்காது. சந்திலிருந்து ஒருவன் ஸ்கூட்டரில் பாய்ந்தான். பாய்ந்ததைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், கண்ணில் ஒரு குறையும் இல்லை, பிரேக் என்று உடம்பு முழுக்கச் சொன்னது, கால் முழு பலத்தோடு மிதித்தது. வண்டி நிற்கவில்லை. வண்டி தாவியது. தாவினதும் இன்னும் பலமாக மிதித்தார், மிதிக்க மிதிக்க அது ஓடியது, ஸ்கூட்டர்காரன் எங்கேயோ போய்விட்டான், எதிரே குழாயடி, வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள், பச்சை, ஆரஞ்சு, நீலம், ஒவ்வொன்றாக வெடித்தன, தண்ணீர் கண்ணாடி முழுக்க அடித்தது. அந்தத் தண்ணீருக்கு நடுவில் ஒரு பெண்ணின் முகம். இடுப்பில் பிள்ளை. அவள் கத்தவில்லை. வண்டிக்கும் அவளுக்கும் ஒரு சாண். ஒரு சாண் என்பது பிறகு மற்றவர்கள் சொன்ன கணக்கு, அவருக்கு அந்த நேரத்தில் அவள் பல்வரிசை தெரிந்தது, பிள்ளையின் நெற்றியில் வைத்திருந்த மைப்பொட்டு தெரிந்தது. குழாய் மேடையில் மோதி வண்டி நின்றது. அப்போதுதான் குனிந்து பார்த்தார். செருப்புக் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வலது ஓரத்தில் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து நசுக்கிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி.

எல்லாருக்கும் தெரிந்த கார் மூன்று மிதிகள் உள்ள கார். டிரைவிங் ஸ்கூல் காரில் அது போக இன்னும் இரண்டு உண்டு, வாத்தியார் உட்காரும் இடதுபக்கத்தில், ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஆக்சிலேட்டர் கிடையாது. வாத்தியாருக்கு எதற்கு ஆக்சிலேட்டர், அவர் வேலை நிறுத்துவதுதானே. அந்தப் பக்கம் வலது ஓரத்தில் இருப்பது பிரேக். நாற்பத்தோரு வருஷம் காலை ஆறு மணியிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அவர் உயிரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உயிரும் அந்த வலது ஓரத்தில்தான் இருந்தது. பயம் வந்தால் வலது ஓரம். லாரி வந்தால், மாடு வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டால், வலது ஓரம். ஸ்கூலை மூடி மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும், பாங்கிக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. ஆனால் அப்போதும் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டுதானே இருந்தார், காலையில் அந்தப் பக்கம், சாயந்திரம் இந்தப் பக்கம், ஒருநாள் மாறியதுண்டா? இல்லை. அப்படியானால் இப்போது மாறுவானேன்? இந்தக் கேள்வியிடம் வரும்போதெல்லாம் மனசு ஓரத்துக்குப் போய்விடும், வெயிலில் நடக்கிறவன் நிழலைப் பார்த்து ஒதுங்குவது போல. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மனைவி பிலோமினா உயிரோடு இருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பாள், சிரித்துவிட்டு சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டிருப்பாள். அவளிடம் பொய் சொல்ல முடிந்திருக்காது.

மெயின்கார்டு கேட்டில் கூட்டம் ஏறியது. மாஸ்டர் பக்கத்தில் ஒருவர் வாழைத்தார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அதன் பால் வேட்டியில் படாமல் இருக்க மாஸ்டர் ஒடுங்கினார், ஒடுங்கினதில் கால் ஆணிகளை விட்டு நகர்ந்துவிட்டது, மறுபடி தேடி வைத்தார். பிரேக். வலது ஓரம். பிரேக். வலது ஓரம். பொய் என்று அவர் யோசித்துச் சொன்னதில்லை. கூட்டம் கூடிவிட்டது, கதவைத் திறந்து இறக்கினார்கள், என்ன மாஸ்டர் ஆச்சு, என்ன மாஸ்டர் ஆச்சு. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். வாய் சொன்னது, பிரேக் புடிக்கல. இரண்டே வார்த்தை. உடனே எல்லார் முகமும் இளகியது, அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை, எவ்வளவு சுலபமாக இளகியது. யானைக்கும் அடி சறுக்கும் என்றுகூட யாரும் சொல்லவில்லை, யானை சறுக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. பிரேக் யாருகிட்ட பாத்தீங்க, என்றது ஒரு குரல். நத்தர்ஷாகிட்ட, என்றார். அது உண்மை. அதற்கு ஒன்பது நாள் முன்னால் நத்தர்தான் பிரேக் ஷூ மாற்றிக் கொடுத்தான். பொய்யோடு ஒரு உண்மையைச் சேர்த்துக் கட்டினால் அந்த மூட்டை அவிழாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நத்தர்ஷா வந்தான். இருபத்தெட்டு வருஷமாக அவர் வண்டிகளைப் பார்க்கிறவன், கடைசியாக வாங்கின ஸ்கூல் வண்டியில் அந்த இரண்டு மிதிகளைப் பொருத்திக் கொடுத்ததே அவன்தான். குழாயடியில் தண்ணீரும் மீனுமாகக் கிடந்த இடத்தில் மண்டி போட்டு வண்டிக்கடியில் பார்த்தான், எழுந்து அவரைப் பார்க்காமல், என் தப்புதான் மாஸ்டர், என்றான். எதையும் கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிட்டான், மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. உடைந்த குடங்களுக்கெல்லாம் அன்றைக்கே புதுக்குடம் வாங்கி வரிசையாக வைத்தவன் அவன். சென்னையிலிருந்து மகன் ஜெரால்டு போனில் அவனைப் பேசின பேச்சு, போனை ஸ்பீக்கரில் போடாமலே கேட்டது. எங்கப்பா செத்திருந்தா என்ன செய்வ? நத்தர், ஆமா தம்பி, ஆமா தம்பி, என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். அந்த சர்பத்தின் இனிப்பு இப்போது நாக்கில் வந்தது.

"மாமா, முகமெல்லாம் வேர்த்துருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?"

"பஸ்ஸுல பழக்கமில்லாததும்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் பாட்டிலை நீட்டினாள், கை கையாக மாறி வந்தது. நல்ல பெண். இவளோடு இரண்டு மாசம் மல்லுக்கு நின்றார். கேட்டில் ஒரு கீறல், பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு உரசல், அதையெல்லாம் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் சொன்னாள், போதும் மாமா, வண்டிய விட்டுருங்க. சும்மா சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் சிவப்பு மையில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். மார்க்கெட்டுக்கு எந்த பஸ், கல்லறைத் தோட்டத்துக்கு எங்கே இறங்கி எப்படி நடப்பது, மழையென்றால் எந்த ஆட்டோக்காரருக்கு போன் போடுவது, எந்த பஸ்ஸின் படி தாழ்வாக இருக்கும் என்பது வரைக்கும். எனக்கு பஸ் ஏறக் கற்றுத் தருகிறாயா என்று அவர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை, அந்தக் காகிதத்தின் மேல் மாதா காலண்டரைத் தூக்கி மாட்டிவிட்டார். விபத்துக்கு மறுநாள் அவளே அந்தக் காகிதத்தைக் கிழித்தாள். தப்பு வண்டியில இருந்துருக்கு, நான் உங்களைச் சொல்லிட்டேன் மாமா, மனசுல வச்சுக்காதீங்க, என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் பெரிய மனுஷன் மாதிரி, பரவால்லம்மா, என்றார். அதை நினைக்கும்போது காது மடல் எரிந்தது. மன்னிப்பு வேறு வழங்கினார்.

காந்தி மார்க்கெட் முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. வெங்காய மூட்டை ஏற்றின தள்ளுவண்டி, தள்ளுகிறவர் தலை மூட்டைக்குப் பின்னால் தெரியவே இல்லை, சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது, பஸ் வேகம் குறையாமல் போனது, குறைக்க மாட்டேன் என்கிறாரே, பார்க்கவில்லையா, மிதி, மிதி, மிதி. தகரம் அதிர்ந்தது. பஸ் நின்றது. மூட்டைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தது, டிரைவர் கொட்டாவி விட்டார்.

"பெரியவரே, எதுக்குத் தரைய ஒதைக்கிறீங்க?" கண்டக்டர் கேட்டார். வாழைத்தார்க்காரர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் கீழே பார்த்தார். செருப்பு வலது ஆணியைத் தாண்டி சீட்டின் இரும்புக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இது அவருடைய வண்டியாக இருந்தால், இந்த நேரம். மேலே நினைக்க விடாமல் மனசு பேரம் பேசத் தொடங்கியது. மெதுவாக ஓட்டலாம், பத்துக்கு மேல் போகாமல். காலையில் ரோடு காலியாக இருக்கும்போது மட்டும் ஓட்டலாம். பிலோமினாவின் கல்லறைக்கு மட்டும், சனிக்கிழமை மட்டும். பிரேக் மிதியின் மேல் கனமாக ஒரு ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம், கால் தடவித் தெரிந்துகொள்ளும். ஷைனியை ஏற்றாமல் இருக்கலாம். இன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு நாளையிலிருந்து ஏற்றாமல் இருக்கலாம். இன்றைக்கு மட்டும். அந்த வார்த்தை தன் மனசிலிருந்தே வந்ததைக் கேட்டு அவருக்குக் குளிர் எடுத்தது. கோயில் வாசலில் பூந்தொட்டியை இடித்தபோதும் இன்றைக்கு மட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டார். அது போன பெரிய வியாழன். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கும் வலது ஓரம்தான். முதல் கியரில் இருந்ததால் தொட்டியோடு போயிற்று. ஆக, குழாயடி முதல் தடவை இல்லை, இரண்டாவது. இதை அவர் தனக்கே இவ்வளவு நாள் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாவது எங்கே காத்திருக்கிறதோ, பால்பண்ணை ரவுண்டானாவிலா, பள்ளிக்கூட வாசலிலா. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அரியமங்கலம் தாண்டியது. சாவியைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, பஸ்ஸில் போவார், கண்டக்டர் பெரியவரே என்பார். மாஸ்டர் என்று கூப்பிட ஆள் இருக்காது. அதுதானா விஷயம், அந்த ஒரு வார்த்தைக்காகத்தானா நத்தர்ஷா மண்டி போட்டான்? ஆமாம், அதற்குத்தான், வேறு எதற்கு. காட்டூர் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க, என்றார் கண்டக்டர். ரெஜினா எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தாள், படி உசரம் மாமா, பாத்து, என்றாள். அவர் குனிந்து பார்த்து, காலை ஒவ்வொன்றாக வைத்து இறங்கினார்.

ஷெட்டில் அவருடைய வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது, அடிபட்டதே தெரியவில்லை. மற்றபடி ஷெட் காலியாக இருந்தது. எப்போதும் நாலைந்து வண்டி நிற்கும் இடம். நத்தர்ஷா ஷேவ் செய்திருக்கவில்லை, பன்னிரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தான்.

"ஏறி ஒக்காந்து நீங்களே ஒருவாட்டி மிதிச்சுப் பாருங்க மாஸ்டர். நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

ஏறினார். ரெஜினா அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து மணி பார்த்தாள். குனிந்து பார்த்தார், நடு மிதி எது என்று பார்த்தார், காலை எடுத்து வைத்து அழுத்தினார். கல் மாதிரி பிடித்தது. இவ்வளவுதான் வேலை. சரியா இருக்கு நத்தரு, என்று சொல்லி சாவியைத் திருகினால் முடிந்தது.

"நல்லாப் புடிக்குதுல்ல," என்றான் நத்தர்ஷா ஜன்னலில் கையூன்றி. "மூணுவாட்டி பிரிச்சு மாட்டுனேன். எங்க தப்பு விட்டேன்னு இதுவரைக்கும் தெரியல. தெரிஞ்சா இன்னொருவாட்டி விடாம பாத்துக்கலாம். தெரியலயே, அதான் பயமா இருக்கு. இனிமே பிரேக் வேலை தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன் மாஸ்டர். உறையூர்லேந்து யாரும் வர்றதும் இல்ல. மச்சான் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போறேன்."

மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் புடிச்சிருக்கும் நத்தரு. நான் பிரேக்க மிதிக்கல. ஆக்சிலேட்டர மிதிச்சேன். பழைய சீட்டு ஞாபகத்துல காலு வலது ஓரத்துக்குப் போயிடுச்சு. உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல."

நத்தர்ஷா ஜன்னலிலிருந்து கையை எடுத்தான். ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தான். கோபப்படுவான், ஏசுவான் என்று மாஸ்டர் காத்திருந்தார், ஏசினால் தேவலை என்றிருந்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே."

"அப்பவேவா," என்றான் அவன். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன மாஸ்டர் ஆவப்போவுது. நீங்க அன்னிக்கு எந்தக் கூட்டத்துல நின்னு சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. தம்பிகிட்டயும் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்றேன்," என்றார் மாஸ்டர். அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ரெஜினா மறுபடி மணி பார்த்தாள். போனை எடுத்து வேன்காரருக்குப் போட்டாள். அண்ணே, இன்னிக்கும் பாப்பாவ நீங்களே ஏத்திக்கிட்டு வந்துருங்க, ஆமா, நாங்க வரல, என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மாமா, நத்தர் பாய் பஞ்சர் ஒட்டப் போறேன்னு சொல்லலன்னு வைங்க. சும்மா சாவியக் குடுத்துட்டு போயிருந்தாருன்னா? ஷைனிய ஏத்தியிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். அவள் நம்புவாள், நம்ப வேண்டும் என்றுதான் கேட்கிறாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அந்த வார்த்தையை வாய்வரைக்கும் கொண்டுவந்து பார்த்தார்.

"ஏத்தியிருப்பேன்மா," என்றார்.